ஒரே ஈயம்: எழுத்து, வலை, தோட்டா

காரைக்கால் போகிறவர்களில் பெரும்பாலோர் நேரே திருநள்ளாறு போய், நளதீர்த்தத்தில் முழுகி, சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். இன்னொரு சாராரும் உண்டு. அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதை எல்லையோரக் கடைப் பலகைகளே சொல்லும்.

இரண்டையும் விட்டுவிட்டு உள்ளூர்ச் சாலையில் திரும்பினால் நெடுங்காடு கொம்யூன் வரும். பஞ்சாயத்து ஒன்றியம் என்று நாம் சொல்வதை இங்கே இன்றும் ‘கொம்யூன்’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சொல் அது. அந்தக் கொம்யூனில் இருக்கும் ஊர்தான் குரும்பகரம். வயல், வாய்க்கால், மூங்கில் கொத்து, மாட்டுக் கொட்டகை என்று தஞ்சை மாவட்டத்துக் கிராமம் எதையும் போலத்தான் இருக்கிறது. கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் வேறு ஆட்சி, வேறு வண்டி எண், பெட்ரோலுக்கு வேறு விலை. வயலில் நிற்கும் கொக்குக்கு மட்டும் அந்த வித்தியாசம் கிடையாது.

இந்தக் கோடு இங்கே விழுந்து கிட்டத்தட்ட 300 வருடம் ஆகப்போகிறது. தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியோடு பேரம் பேசி, 1739-ல் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1954 நவம்பர் 1-ம் தேதி வரை அவர்கள் ஆட்சிதான். சட்டப்படி முழுமையாக இந்தியாவோடு சேர்ந்தது 1962-ல். இன்றும் போக்குவரத்துக் காவலர் தலையில் அந்தச் சிவப்புத் தொப்பி இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைச் ‘சொல்தா’ என்று அழைக்கும் வழக்கமும் இருக்கிறது.

இந்த முறை நான் இந்தப் பக்கம் வந்தது சாமி பார்க்கவும் அல்ல, சாமான் வாங்கவும் அல்ல. ஒரு உலோகத்தைத் தேடி. அது ஈயம்.

எந்த ஈயம்?

‘ஈயம்’ என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஈயச்சொம்பு ரசம் ஞாபகம் வரும். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வாங்கி, வெறும் சொம்பாக அடுப்பில் வைத்தால் உருகிப் போய்விடும் என்று மருமகளுக்குப் பாடம் சொல்லும் அந்தச் சொம்பு. அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம்தான்.

இன்னொன்று காரீயம். கறுப்பாக, கனமாக, நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மெதுவாக இருக்கும். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். காரீயத்துக்கு ஒரு விறகடுப்பே போதும். மனிதன் இந்த உலோகத்தை இத்தனை வேலைக்கு இழுத்ததற்குக் காரணம் இதுதான். பட்டறை வேண்டாம், உலை வேண்டாம்.

காரைக்காலின் கடலோரக் குப்பங்களில் ஒன்று கிளிஞ்சல்மேடு. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். வலையின் மேல் விளிம்பில் மிதவை, கீழ் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் கனமான உருண்டைகள்.

“இது என்னங்க ஐயா?”

“ஈயக்குண்டு தம்பி. இது இல்லன்னா வலை தண்ணிக்குள்ள நிக்காது. மேல மிதவை தூக்கும், கீழ குண்டு இழுக்கும். ரெண்டும் சரியா இருந்தாத்தான் வலை சுவரு மாதிரி நிக்கும்.”

“கடையில வாங்குறதா?”

“இப்ப கடையிலதான். எங்க அப்பா காலத்துல பழைய ஈயத்த உருக்கி அச்சுல ஊத்திக்குவாங்க. பொம்பளைங்க கிட்ட வரக்கூடாதுன்னு வெரட்டுவாரு. புகை ஆகாதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.”

அவர் அப்பா சொன்னது சரிதான். காரீயம் ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது கெடுக்கிறது. ஈயம் உருக்கியவர் சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கினால், அந்தத் தூசும் கூடவே போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மேலைநாட்டு ரசவாதிகள் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஓர் உலோகம் ஒதுக்கியபோது சனிக்கு ஒதுக்கியது காரீயம். அதனால் காரீய நச்சுக்குப் பிரெஞ்சு மொழியில் இன்றைக்கும் ‘சத்துர்னிஸ்ம்’ என்று பெயர். சனி நோய் என்று வைத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் சனிக்கு உரியது இரும்பு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தச் சின்னப் பகுதிக்குள்தான் நாடே தேடி வரும் சனி ஸ்தலமும் இருக்கிறது என்பது யாரும் திட்டமிடாத பொருத்தம்.

பொறையாறில் வார்த்த எழுத்து

காரைக்காலில் இருந்து கடலோரச் சாலையில் வடக்கே போனால் நண்டலாறு. அங்கே சோதனைச் சாவடி. தாண்டினால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் பொறையாறு, அதையொட்டித் தரங்கம்பாடி.

தரங்கம்பாடிக் கோட்டை 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. டான்ஸ்பர்க் கோட்டை என்று பெயர். உள்ளே அருங்காட்சியகம், வெளியே கடல் காற்று, குழந்தைகள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் பழைய பீரங்கிகள். அந்தக் காலத்துச் சிப்பாய் ஒவ்வொருவரும் துப்பாக்கிக்கு வேண்டிய குண்டை ஈயத்தில்தான் எதிர்பார்த்தார். கோட்டைக்குள்ளேயே உருக்கி, இடுக்கி மாதிரியான அச்சில் ஊற்றி எடுப்பது உலகம் முழுக்க இருந்த வழக்கம். மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, பிறகு சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இதே வேலை.

அதே ஊரில் அதே உலோகம் இன்னொரு வேலைக்கும் வந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, ஒரு தெருவோரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். அவருக்காக 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் பெரிது. அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே பொறையாறிலேயே சின்ன எழுத்தை வார்க்க ஏற்பாடு ஆனது. காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். எழுத்து வார்க்க ஈயம் எங்கே என்ற கேள்விக்கு, இங்கிலாந்தில் இருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய உறையை உருக்கினார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. 1714, 1715 ஆண்டுகளில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

கவனியுங்கள். கோட்டைக்குள் சிப்பாய்க்குக் குண்டு. கோட்டைக்கு வெளியே பாதிரியாருக்கு எழுத்து. இரண்டும் ஈயம். அச்செழுத்துக்குக் காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும், ஆன்டிமணி என்ற உலோகமும் சேர்ப்பார்கள்; அப்போதுதான் எழுத்து தேயாமல் நிற்கும். கணினி வரும்வரை நம் பத்திரிகைகளைக் கோத்ததெல்லாம் அந்தக் கலவையில்தான். இந்த வார இதழின் முன்னோர்கள் எல்லாருமே ஈயத்தில் பிறந்தவர்கள் என்று சொன்னால் மிகை இல்லை.

சமையலறையில் தோட்டா

இப்போது அமெரிக்காவுக்கு ஒரு எட்டுப் போய் வருவோம். அங்கே சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. போர் முடிந்து ராணுவங்கள் கழித்துப்போட்ட பழைய பிஸ்டலைச் சல்லிசாக வாங்குவார்கள். துப்பாக்கி மலிவு, தோட்டா விலையோ எட்டாது. ஆகவே சுட்ட தோட்டாவின் காலிக் குப்பியைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, மருந்தை அளந்து நிரப்பி, திரும்பத் தோட்டா ஆக்குவார்கள். கார்ச் சக்கரத்தில் எடை சரிசெய்ய ஒட்டும் ஈயக் கட்டிகளைத் தேடி அலைவார்கள். மூடிப்போன அச்சகங்களின் பழைய எழுத்து ஈயம் கிடைத்தால் அவர்களுக்குப் பொங்கல். அந்தக் கலவை கெட்டியானது என்பதால். யாரோ ஒருவர் கட்டுரை கோத்த எழுத்து, இன்னொருவர் அடுக்களையில் குண்டாகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய நாட்டுத் துப்பாக்கி மாதிரி அல்ல தானியங்கி பிஸ்டல். ஒரு தோட்டா வெடிக்கும் வேகத்தை வைத்துத்தான் அது காலிக் குப்பியை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த வேகம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். மருந்து குறைந்தால் குப்பி பாதியில் சிக்கும். கூடினால் சுட்டவன் கைக்கே ஆபத்து. வெறும் ஈயம் குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தொழிற்சாலைக் குண்டுகளுக்கு மேலே வேறு உலோக உறை போர்த்துவார்கள். சுருங்கச் சொன்னால், இந்தப் பிஸ்டலை வைத்திருப்பவன் தோட்டாவுக்குத் தொழிற்சாலையின் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமே இல்லை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, தோட்டா செய்வதும் குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. வீட்டில் சும்மா செய்து பார்த்தேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது.

நம் பக்கத்தில் கையாலேயே மருந்து இட்டு, ஈயக் குண்டு போட்டுச் சுட்டவர்கள் என்றால் நரிக்குறவர்கள்தான். டெல்டா கிராமங்களில் வயதானவர்களைக் கேட்டால், நீண்ட நாட்டுத் துப்பாக்கியோடு வயல் வரப்பில் நடந்து வந்தவர்களை நினைவுபடுத்துவார்கள். பயிரை மேயும் பறவையை விரட்ட ஊராரே கூப்பிட்டதும் உண்டு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பிழைப்புக்கு வழி அடைந்தது. இன்று திருநள்ளாறு மாதிரிக் கோயில் வாசல்களில் அவர்கள் கையில் இருப்பது மணிமாலையும் ஊசி பாசியும். அந்தச் சமூகத்தைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

கோட்டுக்கு இந்தப் பக்கம்

இனி மறுபடி எல்லைக் கோட்டுக்கு வருவோம்.

1878-ல் வைசிராய் லிட்டன் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்துக்கொள்ள உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. நிறத்தைப் பார்த்து எழுதிய சட்டம் என்று காங்கிரஸ் தொடக்க காலத்திலேயே இதை எதிர்த்தது. ஆனால் அந்தச் சட்டம் நண்டலாற்றோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம். காரைக்கால், புதுச்சேரி, மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் என்று ஐந்து துண்டுகளும் அப்படித்தான். சந்திரநாகூர் வழியாக ஆயுதம் போகிறது என்று அங்கே மேயர் தார்திவேல் தடை கொண்டுவந்தார். 1908 ஏப்ரலில் அவர் வீட்டிலேயே குண்டு வீசினார்கள், அவர் தப்பினார்.

அன்றைய புரட்சிக்காரர்களுக்குத் துப்பாக்கியைவிடத் தோட்டாதான் பெரிய பஞ்சம். இதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 1914 ஆகஸ்ட் 26-ம் தேதி கல்கத்தாவில் ரோடா என்ற ஆயுதக் கம்பெனிக்கு வந்த சரக்கில் ஒரு வண்டி காணாமல் போனது. அதில் 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. வங்காளத்தில் அதன் பிறகு பல ஆண்டுகள் நடந்த தாக்குதல்களில் அந்தத் தோட்டாக்கள் பேசின. மாறாக, 1930 ஏப்ரல் 18-ல் சூரிய சென் தலைமையில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைப் பிடித்தவர்களுக்குத் துப்பாக்கி கிடைத்தது; அதற்கான தோட்டா வைத்த இடம் கிடைக்கவில்லை. அத்தனை பெரிய வெற்றியும் பாதியாகிப் போனது.

தோட்டாவை விறகடுப்பில் உருக்க முடியாது. ஆகவே அது ஐரோப்பாவில் இருந்து வர வேண்டும். 1909-ல் லண்டன் இந்தியா ஹவுசில் இருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங் பிஸ்டல்களை இந்தியாவுக்கு அனுப்பினார். சதுர்புஜ் அமீன் என்பவர் பெட்டிக்கு அடியில் பொய்த்தட்டு வைத்துக் கொண்டுவந்தார். அதில் ஒன்றுதான் அந்த வருடம் டிசம்பர் 21-ல் நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டது.

பிரௌனிங் என்பது ஓர் அமெரிக்கரின் பெயர். ஜான் பிரௌனிங் வரைந்து கொடுத்தார். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள தொழிற்சாலை செய்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. 7.65 மில்லிமீட்டர் தோட்டா. அந்தத் தோட்டா அவ்வளவு பரவியது. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் ஸ்பெயினில் இருந்து லட்சக்கணக்கில் வாங்கிய ‘ரூபி’ பிஸ்டலும் அதையே தின்றது. நம் நாட்டில் இன்று தனியாருக்கு உரிமம் கிடைக்கும் .32 பிஸ்டலுக்கும் அதே அளவுத் தோட்டாதான். இந்தியாவில் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகை.

எழுத்தை நிறுத்தினார்கள்

புதுச்சேரிக்கு 1908-ல் பாரதியார் வந்தார். சென்னையில் வழக்கு பாயும் என்றதும் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையும் அங்கே இடம்பெயர்ந்தது. ஈய எழுத்து கோத்து, பிரெஞ்சு மண்ணில் அச்சிட்டு, தபாலில் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். பத்திரிகையைப் பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷார் தொட முடியாது. எனவே எல்லையைத் தாண்டி உள்ளே வரவிடாமல் தடுத்தார்கள். வாசகர் எல்லாரும் அந்தப் பக்கம். பத்திரிகை இந்தப் பக்கம். 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. அவர் நடத்திய மற்ற இதழ்களும் ஒவ்வொன்றாக நின்றன.

அதே 1910-ல், ஏப்ரலில் அரவிந்தர் வந்து சேர்ந்தார். அக்டோபரில் வ.வே.சு. ஐயர் வந்தார். திருச்சி வரகனேரிக்காரர். பாரிஸ்டர் ஆக லண்டன் போனவர், அங்கே சாவர்க்கர் குழுவில் சேர்ந்து, போலீசுக்கு டிமிக்கி கொடுத்து, மாறுவேடத்தில் நாடு நாடாகச் சுற்றிப் புதுச்சேரிக்கு வந்தார்.

வெளிப்படையான எழுத்துக்கு வழி அடைபட்டதும் ரகசிய எழுத்து வந்தது. பரங்கியரை அழிக்கும் அச்சகம் என்று பொருள்படும் பெயரைப் போட்டுத் துண்டுப் பிரசுரங்கள் எல்லை தாண்டின. சீர்காழிக்கு அருகே எருக்கூரில் பிறந்த நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் இளைஞர்களுக்கு ரகசியப் பிரமாணம் செய்து வைத்தார். எருக்கூரும் தரங்கம்பாடியும் இப்போது ஒரே மயிலாடுதுறை மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் புனலூரில் வனத்துறையில் வேலை. வயது 25. விடுப்பு எடுத்துக்கொண்டு 1911 தொடக்கத்தில் புதுச்சேரி போனார். கருவடிக்குப்பம் பக்கத்தில் ஐயர் அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். இன்று புதுச்சேரியில் கருவடிக்குப்பம் என்றால் பாரதியின் குயில் தோப்பையும் சித்தானந்த சுவாமி கோயிலையும்தான் காட்டுவார்கள். பாட்டும் துப்பாக்கிச் சத்தமும் ஏறக்குறைய ஒரே தோப்புக்குள் கேட்டிருக்கின்றன.

மணியாச்சி, காலை பத்தே முக்கால்

திருநெல்வேலி ரயில் இப்போது நேரே போய்விடுகிறது. அன்று மதுரையில் இருந்து வரும் பிரதான பாதை தூத்துக்குடிக்குத்தான் போகும். இலங்கைக்கு அங்கிருந்துதான் கப்பல். திருநெல்வேலி கிளைப் பாதை. ஆகவே திருநெல்வேலியில் ஏறினால் மணியாச்சியில் பெட்டியைக் கழற்றி, தூத்துக்குடியில் இருந்து வரும் போட் மெயிலில் மாட்டுவார்கள். அதற்குச் சில நிமிடம் நிற்க வேண்டும்.

1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், மனைவி மேரியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். கொடைக்கானலில் இருந்த நான்கு குழந்தைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். வாஞ்சி பெட்டிக்குள் ஏறி மிக அருகில் இருந்து சுட்டார். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். பிறகு நடைமேடையில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, அதே பிஸ்டலால் தன்னையே சுட்டுக்கொண்டார். ஆஷும் பிழைக்கவில்லை.

ஆஷ் மேல் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1908-ல் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலியில் வெடித்த கலகமும் துப்பாக்கிச் சூடும், சுதேசிக் கப்பல் கம்பெனி நசுங்கிப்போனதும் மக்கள் மனதில் ஆறாத புண். அதே சமயம், வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதம் விடுதலையைப் பேசிய வேகத்தில் சனாதன தர்மத்தையும் பேசியது. சாதியும் சமயமும் கலந்த கோபம் அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வைத்து இன்றைக்கும் விவாதம் ஓயவில்லை. தியாகி என்று மாலை போடுகிறவர்களும், யாருடைய தர்மத்துக்காகச் சுட்டார் என்று கேட்கிறவர்களும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு அந்த ஸ்டேஷனில் இறங்குவது நல்லது. பெயர்ப்பலகை இப்போது ‘வாஞ்சி மணியாச்சி’.

பலகையில் எழுதாத ஒரு பெயரும் உண்டு: பொன்னம்மாள், வாஞ்சியின் இளம் மனைவி. ஒரு பக்கம் மேரி ஆஷ், நான்கு பிள்ளைகள். இன்னொரு பக்கம் பொன்னம்மாள். ஒரே காலையில் இரண்டு பெண்கள் விதவை ஆனார்கள். போலீஸ் தேடுதல் வேட்டையில் தருமராஜ ஐயர், வெங்கடேசுவர ஐயர் என்ற இரண்டு பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 14 பேர் மேல் வழக்கு. 1912 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 வருடக் கடுங்காவல் தண்டனை விதித்தது. அந்தச் சங்கம் அதோடு கலைந்தது.

பிறகு என்ன ஆனார்கள்?

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

சுடக் கற்றுக்கொடுத்த வ.வே.சு. ஐயர், போர் முடிந்து பொது மன்னிப்பு வந்ததும் தமிழ்நாடு திரும்பினார். காந்தி வழிக்கு மாறினார். ‘தேசபக்தன்’ பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். அதில் வந்த கட்டுரைக்காகச் சிறை போனார். பெல்லாரிச் சிறைக்குள் உட்கார்ந்து கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதி, தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று பெயர் பெற்றார். அவர் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் சாப்பாட்டுப் பந்தியைச் சாதி பார்த்துப் பிரித்ததால் எழுந்த சண்டை, தமிழக அரசியலையே திருப்பிப் போட்டது தனிக் கதை. 1925-ல் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர் விட்டார்.

நீலகண்ட பிரம்மச்சாரி சிறையில் இருந்து வந்து, கொஞ்ச காலம் அலைந்து, கடைசியில் கர்நாடகத்து நந்தி மலையில் ஓங்கார சுவாமி என்ற துறவியாக வாழ்ந்தார். 1978 வரை இருந்தார். பாரதி 1918 வரை புதுச்சேரியிலேயே எழுதிக்கொண்டிருந்தார். ‘இந்தியா’ நின்றுபோன பிறகுதான் அவருடைய பெரிய படைப்புகள் பலவும் பிறந்தன.

மூன்று பேரில் யாரும் மறுபடி பிஸ்டலைத் தேடிப் போகவில்லை. மணியாச்சியில் வெடித்த தோட்டாவால் பிரிட்டிஷ் ஆட்சி ஒரு நாள்கூட முன்னதாகப் போய்விடவும் இல்லை. ஆனால் எழுத்துக்கான வழியை மூடிய ஓராண்டு, மூன்று மாதத்தில்தான் அந்தத் தோட்டா வெடித்தது என்பதையும் மறக்க முடியாது. பேச விடாத ஆட்சிகள் எல்லாம் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஒரு பிஸ்டல் தன் வேலையைக் காட்டியது. 1948 ஜனவரி 30-ல் காந்தியைக் கொன்றது இத்தாலிய ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட பெரெட்டா. போரில் கழிந்து, கை மாறிக் கை மாறி இந்தியா வந்து சேர்ந்த ஆயுதம். சல்லிசாகக் கிடைக்கும் பழைய பிஸ்டல் என்று யாராவது ஆசையாகப் பேசினால் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

போக நினைப்பவர்களுக்கு

ஒரு நாள் போதும். காலையில் திருநள்ளாறு, அங்கிருந்து நெடுங்காடு, குரும்பகரம் பக்கம் வயல் சாலையில் மெதுவாகப் போங்கள். சம்பா நட்ட பிறகு, ஐப்பசி கார்த்திகை மழை விட்ட நாளாக இருந்தால் கண்ணுக்கு விருந்து. மத்தியானம் நண்டலாறு தாண்டிப் பொறையாறு, தரங்கம்பாடி. கோட்டை அருங்காட்சியகத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் 1718-ல் பிரதிஷ்டை ஆனது. அவர் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். சாயங்காலம் திரும்பும் வழியில் கடலோரம்.

நான் கிளம்பும்போது அந்தப் பெரியவர் வலையின் அடி விளிம்பைக் கையில் எடுத்து, எடை சரியாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் குண்டு குறைந்திருந்தது. பக்கத்தில் இருந்த டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்துக் கோத்தார்.

“ஒண்ணு கொறஞ்சாலும் அந்த எடத்துல மீனு தப்பிச்சிடும் தம்பி” என்றார்.